மருந்துக்கு முன் தீன் பையைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

"டொக்டர், மகளின் பிறந்தநாளுக்கென்று என் தம்பி ஐந்து தாராக்குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். முதல் கிழமையே பிள்ளைகள் அவற்றைக் குளியலறை வாளியில் நீந்த விட்டார்கள். அன்றிரவே ஒன்று செத்துவிட்டது. பிறகு இன்னொன்று காரணமே தெரியாமல் போய்விட்டது. மிச்சம் மூன்றுக்கும் இப்போது மூன்று கிழமை வயது இருக்கும். அதில் ஒன்று இரண்டு நாளாகச் சரியாக நடக்கவில்லை. நாலு அடி வைத்ததும் குந்திவிடுகிறது. கடையில் நிறுத்து வாங்கும் கோழித்தீன், பாண், சோறு கொடுக்கிறோம். பெட்டிக்குள் பத்திரிகைத் தாள் விரித்திருக்கிறோம். பகலில் பின்பக்கச் சீமெந்துத் தரையில் விடுவோம். மனிதருக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் கப்சூலில் பாதியைக் கரைத்துப் பருக்கும்படி பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். மஞ்சள் தண்ணீர் போதும் என்கிறார் மாமி. கையில் எடுத்தால் உடம்பு சுடுகிறது. நல்ல மருந்து ஒன்று எழுதித் தாருங்கள். குளிக்கத் தொட்டி வைக்கலாமா? டெங்குக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பிரச்சினையாகுமா?"

நீங்கள் மருந்து கேட்கிறீர்கள். நான் முதலில் உங்கள் கடிதத்தில் இருந்த தீன், தாள், வாளி என்ற மூன்று சொற்களுக்குக் கீழே கோடு போட்டேன். வீடுகளில் வளரும் தாராக்கள் நோயாகி வரும்போது, அவை தின்றதும் மிதித்ததும் நனைந்ததும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். கிருமி வருவது அதற்குப் பிறகுதான். கோழியை விடத் தாரா நோய்களைத் தாங்கும் பறவை. ஆனால் கோழியை வளர்ப்பது போலவே வளர்த்தால் தாங்காது.

உடம்பு சுடுவதை முதலில் முடித்துவிடுவோம். தாராவின் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 பாகை செல்சியஸ். 37 பாகை உள்ள நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது குஞ்சு கையில் குளிர்ந்து தெரியும்போது.

இனி நடக்காத குஞ்சு. சாப்பாட்டு மேசையில் ஒரு துவாயை மடித்துப் போட்டு, குஞ்சை அதன் மேல் வையுங்கள். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குங்கள். பின்னால் இருந்து பார்த்தால் காலின் நடுவில் பின்பக்கமாக மடிகிற ஒரு மூட்டுத் தெரியும். பலர் அதை முழங்கால் என்பார்கள். உண்மையில் அது கணுக்கால். இரண்டு காலின் அந்த மூட்டையும் ஒரே நேரத்தில் விரலால் மெல்லத் தடவி ஒப்பிடுங்கள். இரண்டும் கொஞ்சம் தடித்து, கால்கள் வில் போல் வளைந்து, குஞ்சு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டும் சத்தம் போட்டுக்கொண்டும் இருந்தால், அது நியாசின் குறைபாடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வெளிப்பக்கமாகச் சறுக்கிப் போகிறது, மூட்டில் வீக்கம் இல்லை என்றால் தரையைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, பின்பக்கத் தசைநார் இடம் விலகி மூட்டின் பக்கவாட்டில் கயிறு போல் தட்டுப்பட்டாலோ, தொட்டதும் குஞ்சு கத்தினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே காட்டுங்கள்.

நியாசின் என்பது பி வகை விட்டமின்களில் ஒன்று. தீனில் உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கோழிக்குஞ்சு தனக்குத் தேவையானதில் ஒரு பகுதியைத் தானே செய்துகொள்ளும். தாராக்குஞ்சுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால் அதன் தீனில் ஒரு கிலோவுக்கு 55 மில்லிகிராம் நியாசின் இருக்க வேண்டும் என்று கணக்கு. கோழிக்குஞ்சுக்குச் சொல்லப்படும் அளவை விட இது நன்றாகக் கூட. சோளத்திலும் தவிட்டிலும் நியாசின் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பறவையின் குடலில் பிரியாத வடிவில் கட்டுண்டு கிடப்பதால் பயனில்லை. எனவே நல்ல கோழித்தீன் தின்கிற தாராக்குஞ்சுக்கும் இரண்டாம் மூன்றாம் கிழமையில் கால் வளையலாம். உங்கள் குஞ்சின் வயதும் அதுதான்.

சரி, என்ன செய்யலாம்? பாமசியில் நிக்கொட்டினமைட் மாத்திரை கேளுங்கள். மெதுவாகக் கரைகிற வகை வேண்டாம். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் பார்த்து, ஒரு லீற்றர் குடிதண்ணீருக்கு 30 முதல் 40 மில்லிகிராம் என்ற கணக்கில் பொடித்துக் கரைத்து, மூன்று குஞ்சுக்கும் வையுங்கள். மற்ற இரண்டும் அதே தீனைத்தானே தின்கின்றன? தினமும் காலையில் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். கால் நேரானதும் நிறுத்திவிடாமல் வளர்ந்து முடியும் வரை, அதாவது எட்டுப் பத்துக் கிழமை வரை தொடருங்கள். இன்னொரு வழி புரூவர்ஸ் ஈஸ்ட் தூள். ஒரு கப் தீனுக்கு ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் தூள் அடியில் தங்காது. பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் உடல்நலப் பொருட்கள் வைத்திருக்கும் தட்டில் தேடுங்கள். பாண் சுடுகிற ஈஸ்ட் இதற்கு உதவாது, அது உயிரோடு இருக்கிற ஈஸ்ட். வயிற்றில் போய்ப் பொங்கும். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீனும் நல்லது, மத்தியானக் கறிக்கு வாங்கும் மீனில் ஒரு துண்டு போதும். கருவாடு வேண்டவே வேண்டாம். உப்பு இளம் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

நேரத்தோடு தொடங்கினால் சில நாட்களிலேயே குஞ்சு கூடுதல் நேரம் நிற்கத் தொடங்கும். மூட்டு முழுதாகக் கோணிய பிறகு தொடங்கினால் கோணல் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும். அப்படிக் கொஞ்சம் நொண்டுகிற தாராவும் வீட்டில் நன்றாகவே வாழும், அதற்காக மனம் உடைய வேண்டாம்.

அடுத்தது தீன். "நிறுத்து வாங்கும் கோழித்தீன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கோழிக்கான தீன்? முட்டைக் கோழிக்கான லேயர் தீன் என்றால் குஞ்சுகளுக்கு அது இன்றோடு நிற்க வேண்டும். முட்டை ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்துக்கு அளவுக்கு மிஞ்சியது. புரொயிலர் தீன் என்றால், அது ஆறு கிழமையில் இறைச்சியாக வேண்டிய கோழிக்காகச் செய்தது. அதைத் தின்ற தாராக்குஞ்சு எலும்பு தாங்காத வேகத்தில் பாரம் போடும். மேலும் சில குஞ்சுத் தீன்களில் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி நோய்க்கு எதிரான மருந்து கலந்திருக்கும். தன் பருமனுக்குக் கோழியை விடக் கூடுதலாகத் தின்கிற தாராவுக்கு மருந்தும் கூடுதலாகப் போகும். சில மருந்துகள் தசையையும் நரம்பையும் பாதிக்கும். ஆகையால் பையோடு வாங்குங்கள், பையில் உள்ள சீட்டை வாசியுங்கள். மருந்து கலக்காத, 20 முதல் 22 வீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீன் முதல் மூன்று கிழமைக்குப் போதும். பிறகு 16 வீதம் அளவுக்கு இறக்கிவிடலாம்.

ஆனால் தீன் விஷயத்தில் எனக்கு உண்மையில் பயம் தருவது புரதமோ விட்டமினோ இல்லை, பூஞ்சணம். கொழும்பின் ஈரப்பதத்தில் பிஸ்கட்டே ஒரு இரவில் நமுத்துவிடுகிறது. கடையில் வாய் திறந்து வைத்திருக்கும் தீன் சாக்கு எத்தனை நாள் அப்படிக் கிடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு, கச்சான் பிண்ணாக்கு போன்றவற்றில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் தெரியாமல் அதை 'எக்ஸ் நோய்' என்றார்கள். தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் இந்த நஞ்சு பிடிபட்டது. அந்த நேரத்தில் தாராக்குஞ்சுகளும் சேர்ந்தே செத்தன. வீட்டுப் பறவைகளில் இந்த நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே தாக்குவது தாராக்குஞ்சைத்தான். அதனாலேயே ஒரு காலத்தில் ஆய்வுகூடங்களில் தீனில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கத் தாராக்குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

நஞ்சு போவது ஈரலுக்கு. குஞ்சு சாப்பிடுவதைக் குறைக்கும், வளராது, இறகு சரியாக வராது. கால், பாதத் தோலுக்குக் கீழே ஊதா நிறத்தில் இரத்தம் கண்டிப்போயிருக்கும். கடைசியில் வலிப்பு வந்து தலையைப் பின்னால் வளைத்தபடி செத்துப்போகும். முறிவு மருந்து கிடையாது. உங்கள் இரண்டாவது குஞ்சு இதனால்தான் போனது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் தெரியாமல் போனது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது தீன் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். போய்ப் பாருங்கள். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுங்கள். கட்டியாகப் பிடித்திருக்கிறதா, பச்சை சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கிறதா, ஈர மண் வாசம் வருகிறதா? வந்தால் கட்டியை மட்டும் பொறுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கக் கூடாது. பை முழுவதும் குப்பைக்குத்தான். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் பூஞ்சணம் சாகுமே தவிர நஞ்சு போகாது. அதேபோல், கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியவில்லை என்பதற்காக நஞ்சு இல்லை என்றும் ஆகாது. இரண்டு கிழமைக்குப் போதுமான அளவு மட்டும் வாங்கி, இறுக மூடுகிற பிளாஸ்டிக் வாளியில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பழைய தீனின் மேல் புதுத் தீனைக் கொட்டாதீர்கள். மூடி இருந்தால் எலியும் வராது. எலி மூத்திரம் பட்ட தீன் எலிக்காய்ச்சலுக்கு வழி, அது உங்கள் பிள்ளைகளுக்கும் வரும்.

பாண் பற்றிக் கேட்டால் என் பதில் ஒரே சொல்லில் முடியும்: நிறுத்துங்கள். அது நஞ்சு இல்லை, ஆனால் வயிறு நிறைந்துவிடும், சத்து வராது. வளருகிற பறவைக்குச் சக்தி மட்டும் அதிகமாகக் கிடைத்தால் சிறகின் நுனி இறகுகள் தசையை விட வேகமாக வளர்ந்து, பாரம் தாங்காமல் மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பி, சிறகு விமான இறக்கை போல் நீட்டிக்கொண்டு நின்றுவிடும். ஐந்தாறு கிழமையில் இதைக் கண்டால் உடனே சிறகை மடித்து மென்மையான துணிப் பட்டியால் சில நாள் கட்டிவைத்துத் திருப்பலாம். வளர்ந்த தாராவில் திருப்ப முடியாது. பழைய பாணில் பூஞ்சணம் வேறு. சோறு கொஞ்சம் பரவாயில்லை. கங்குங், பொன்னாங்காணி, கீரையின் மிச்சத் தண்டு எதுவானாலும் நன்றாகக் கழுவி, பொடியாக அரிந்து தண்ணீரில் மிதக்க விடுங்கள். அடித்துப் பிடித்துத் தின்னும். கீரை கொடுத்தால் ஒரு சிரட்டையில் குறுமணலும் வையுங்கள், அரைப்பதற்குப் பல் இல்லாத பறவை அது. அவகாடோ மட்டும் ஒரு துண்டும் வேண்டாம், பறவைகளுக்கு அது நஞ்சு.

இனி வாளிக் கதை. பிள்ளைகளைத் திட்டாதீர்கள், தாராக்குஞ்சு நீந்தும் என்று எல்லாப் புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறது. படத்தில் இருக்கிற தாய்த் தாராவை நாம் கவனிப்பதில்லை. வாலின் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெயைத் தொட்டு இறகில் பூசித்தான் தாரா நனையாமல் மிதக்கிறது. தாயின் கீழ் படுத்தெழும்பும் குஞ்சின் மென்மயிரில் தாயின் எண்ணெயும் ஒட்டும். தாயில்லாமல் பொரிப்புப் பெட்டியிலிருந்து வந்த குஞ்சுக்கு அது கிடையாது, அதன் சொந்தச் சுரப்பி முதல் கிழமைகளில் போதிய அளவு வேலை செய்யாது. மென்மயிர் தண்ணீரை உறிஞ்சிக் குஞ்சு ஊறிப்போகும், உடம்பு குளிரும், குளிர்ந்தால் சாப்பாடு செரிக்காது. இனிமேல் யாராவது நனைந்து நடுங்குகிற குஞ்சைத் தந்தால் உடனே துவாயால் ஒற்றி, ஹெயார் ட்ரையரைக் கையை எட்ட வைத்து இளஞ்சூட்டில் காயவைத்து, நடுக்கம் நின்ற பிறகுதான் தீன் கொடுக்க வேண்டும்.

உங்கள் குஞ்சுகளுக்கு மூன்று கிழமை என்பதால், இப்போது ஒரு ஆழமற்ற பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விடலாம். கால் தரையில் முட்ட வேண்டும், தானாக ஏறி வர ஒரு செங்கல் வைக்க வேண்டும். நடக்காத குஞ்சுக்கும் இது நல்லது. பாரம் குறைவதால் காலை அசைத்துப் பழகும். நெஞ்சிலும் வயிற்றிலும் உண்மையான இறகு வந்த பிறகு, ஏழெட்டுக் கிழமையில், அதன் இஷ்டத்துக்கு விடுங்கள்.

குளிப்பதை விட முக்கியம் குடிக்கும் பாத்திரம். தாரா அலகை மூக்குத் துவாரம் வரை தண்ணீரில் அமிழ்த்தி ஊத வேண்டும், கண்ணையும் கழுவ வேண்டும். ஆழமில்லாத கோழிப் பாத்திரத்தில் குடிக்கிற தாராவுக்கு மூக்கு அடைபடும், கண்ணில் நுரை கட்டும். அதைக் கண் நோய் என்று சொட்டு மருந்து வாங்குவார்கள், பாத்திரத்தை மாற்றினால் போதும். குஞ்சு உள்ளே விழாதபடி குறுகிய வாயுள்ள, ஆழமான ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் பக்கவாட்டில் ஓட்டை வெட்டி வையுங்கள். தீன் வைக்கும்போதெல்லாம் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். உலர்ந்த தீன் தொண்டையில் அடைத்தே சாகும் குஞ்சுகள் உண்டு.

டெங்குக்கு வருவோம். தொட்டி வைக்கலாம், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை பத்து நாள் வேண்டும். தாராத் தண்ணீர் ஒரே நாளில் சேறாகிவிடுவதால் எப்படியும் தினமும் மாற்றத்தான் போகிறீர்கள். குடம்பி வளர நேரம் இருக்காது, இருந்தாலும் தாரா தின்றுவிடும். மாற்றும்போது தொட்டியின் உட்சுவரை பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும். பி.எச்.ஐ. வந்து பார்த்தாலும் இதைச் சொல்லலாம். அவர் உண்மையில் தேடுவது, நீங்கள் வெளியூர் போன நாலு நாளில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்த தொட்டியைத்தான். பயணம் போவதானால் கவிழ்த்துவிட்டுப் போங்கள். ஊற்றும் தண்ணீரைப் பூச்செடிக்கு விடலாம், நல்ல உரம். பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடுகிற கானில் விட்டால் அந்த அக்கா அன்டிபயோட்டிக் சொல்லித்தர வரமாட்டார்!

கொழும்பு நடுவில் உள்ள பேரை வாவிக்குக் கூட்டிப்போகலாமா என்று சிலர் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வேண்டாம். அந்தப் பச்சைத் தண்ணீரில் வளரும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி ஈரலைத் தாக்கும் நஞ்சைத் தரக்கூடியது. வளர்ந்து சத்தம் தாங்க முடியவில்லை என்று அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவதும் அதே.

குஞ்சுப் பெட்டிக்குள் வேண்டிய சூடு பற்றி நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பெரிய பல்பை இரவும் பகலும் எரியவிட்டுக் குஞ்சுகளை வேகவைக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். முதல் கிழமை பெட்டிக்குள் 32 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைக்கலாம். மூன்று கிழமைக் குஞ்சுக்கு 26 பாகை போதும், கொழும்பில் சாதாரண இரவே அவ்வளவு இருக்கும். எனவே பல்ப் வேண்டியது மழை கொட்டுகிற இரவுகளிலும், மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையிலும்தான். வெப்பமானியை விடக் குஞ்சைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கிக் கத்தினால் குளிர். மூலைகளில் பரந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு.

தாள். வழுவழுப்பான பத்திரிகைத் தாளில் நடக்கப் பழகும் குஞ்சுக்குக் கால் பிடிமானம் கிடைக்காமல் இரண்டு பக்கமும் சறுக்கி, இடுப்பு மூட்டு அப்படியே இளகிவிடும். டைல்ஸும் அப்படித்தான். முதல் பத்து நாளுக்குள் கண்டால் இரண்டு காலையும் இயல்பான அகலத்தில் மென்மையான பட்டியால் இணைத்துச் சில நாள் விட்டால் சரியாகும், மூன்று கிழமையில் அது கடினம். இப்போதே தாளை எடுத்துவிட்டு, முரட்டுப் பிடிமானமுள்ள றப்பர் விரிப்பைப் போட்டு அதன் மேல் உமி போடுங்கள். உமி ஈரமானால் அன்றே மாற்ற வேண்டும். ஈரப் படுக்கையில் வளரும் பூஞ்சணத்தின் விதைகள் நுரையீரலுக்குள் போனால் குஞ்சு வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விடும், அதற்கு மருந்து இருந்தும் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை.

சீமெந்துத் தரை இப்போது பிரச்சினையாகத் தெரியாது. இவை மூன்று கிலோ தாராக்களான பிறகுதான் தெரியும். தாராவின் பாதம் சேற்றுக்கும் புல்லுக்கும் ஆனது. காய்ந்த சீமெந்தில் நாள் முழுக்க நிற்கும்போது உள்ளங்கால் தோல் தடித்து, சிறு வெடிப்பு விழுந்து, ஸ்டெஃபிலொகொக்கஸ் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டும். பறவையின் சீழ் ஓடாது, பாலாடைக்கட்டி போல் இறுகிவிடும். வெளியே தெரிவது உள்ளங்காலின் நடுவில் ஒரு கறுத்த பொருக்கு மட்டும். கிழமைக்கொருமுறை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பொருக்கு சிறிதாக, வீக்கமில்லாமல் இருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஐயோடின் தடவி, மென்மையான தரையில் விட்டால் ஆறும். பாதம் வீங்கியிருந்தால் நாமே கீறி எடுக்கப் பார்க்கக் கூடாது. பின்பக்கத்தில் ஒரு மூலையிலாவது மண்ணோ ஆற்று மணலோ போட்டுக்கொடுங்கள். அங்கே கட்டட வேலை நடந்திருந்தால் ஆணி, கம்பித் துண்டு, வயர் எதுவும் கிடக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பொறுக்குவியுங்கள். மினுங்குகிற எதையும் தாரா விழுங்கும், நாகம் (சிங்க்) பூசிய கம்பியும் ஈயமும் வயிற்றில் கரைந்து நஞ்சாகும். இரவில் மூடிய கூடு வேண்டும். காகம், பூனை, எலி போதாதென்று வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் கபரக்கொய்யாவும் (பெரிய நீர் உடும்பு) உண்டு.

அன்டிபயோட்டிக் வேண்டாம் என்பதற்குக் காரணம் நான் கடுமையானவன் என்பதல்ல. விட்டமின் குறைந்த காலை அது நேராக்காது. பாதிக் கப்சூல் என்பது கால் கிலோக் குஞ்சுக்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. குடலில் உள்ள நல்ல கிருமிகளும் போகும். நாளைக்கு இவை முட்டையிடும்போதும் இதே பழக்கம் தொடர்ந்தால் அந்த மருந்து உங்கள் பிள்ளைகளின் தட்டுக்கு வரும். மாமியின் மஞ்சள் தண்ணீரால் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் கால் இன்னும் கோணும். தாரா எச்சம் எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும், அதில் வெள்ளைப் பகுதி சிறுநீர்க் கழிவு, அதற்கெல்லாம் மருந்து தேட வேண்டாம்.

பிள்ளைகள் குஞ்சைக் கட்டிலில் வைத்து முத்தம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆரோக்கியமான தாராவின் குடலிலும் சல்மனெல்லா இருக்கலாம், அதற்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும். தொட்டு விளையாடலாம், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியாகத் தூக்க வேண்டாம். தாராப் பாத்திரத்தைக் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்தாறு மாதத்தில் முட்டை வந்தால் நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

அப்புறம், மூன்றில் எத்தனை ஆண் என்று ஏழெட்டுக் கிழமையில் குரலைக் கேட்டு அறியலாம். உரத்துக் குவாக் குவாக் என்று ஊரைக் கூட்டுவது பெண், தொண்டை கட்டினாற்போல் கரகரப்பது ஆண். இரண்டு ஆணும் ஒரு பெண்ணும் என்றால் அந்தப் பெண்ணின் கழுத்து இறகு மிஞ்சாது, முதுகில் காயமும் வரும். ஒரு ஆணுக்கு நாலைந்து பெண் என்பதே கணக்கு. வெள்ளவத்தை வீட்டில் அத்தனையை வைக்க முடியாது. எனவே வளவுள்ள உறவினர் யாரையாவது இப்போதே பேசி வையுங்கள்.

எதற்குக் காத்திராமல் ஓட வேண்டும்? தலை பின்பக்கமாக வளைந்தால், கழுத்துத் துவண்டு தூக்க முடியாமல் போனால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சத்தில் இரத்தம் கண்டால், அரை நாள் தீனைத் தொடாமல் இருந்தால். நோயை மறைப்பது பறவையின் இயல்பு, சோர்ந்து படுத்தது உங்களுக்குத் தெரிகிறது என்றால் அது பல நாள் சமாளித்து முடிந்துவிட்டது என்று பொருள். அதனால்தான் கிழமைக்கு இரண்டு முறை குசினித் தராசில் நிறுத்து எழுதச் சொல்கிறேன். வளரும் குஞ்சின் நிறை கூடாமல் நின்றாலே எச்சரிக்கை. ஒன்றுக்கு மேல் அடுத்தடுத்துச் செத்தால், தாராக்குஞ்சுகளின் ஈரலைத் தாக்கும் வைரசு நோய் போன்ற தொற்றுகளையும் யோசிக்க வேண்டும். புதைத்துவிடாதீர்கள். உடலை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, ஐஸ் போட்ட ரெஜிஃபோம் பெட்டியில் வைத்து, அரச மிருக வைத்திய அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கேளுங்கள். உறைய வைத்தால் திசுக்கள் கெட்டு ஒன்றும் பார்க்க முடியாது.

நாளைக்கே நியாசினைத் தொடங்குங்கள். ஐந்து நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் குஞ்சை நேரில் காட்ட வேண்டும். கொழும்பில் நாய் பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் பறவை பார்ப்பதில்லை, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கொண்டுபோகும்போது ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் மற்றக் குஞ்சு ஒன்றையும் கூட வையுங்கள். தனியாகப் போன தாராக்குஞ்சு வழி முழுக்கக் கத்திக் களைத்து வரும். வைத்தியருக்கு நடையைப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.